கல்யாணத்துக்குப் போன இடத்தில் வெள்ளை அணுக்கள்

பினாங்கில் நானும் தேன்மொழியும் ஒரே ஆய்வகத்தில் வேலை பார்க்கிறோம். நான் அந்தத் தீவிலேயே பிறந்து வளர்ந்தவள். அவள் முனைவர் பட்டம் படிப்பதற்காகக் கந்தர்வக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்தவள். கல்யாணப் பத்திரிகையை என் மேசையில் வைத்துவிட்டு, "அக்கா, நீங்க வரலைன்னா நான் மணவறையில உக்கார மாட்டேன்" என்று மிரட்டினாள். அதுவரை நான் தமிழ்நாட்டுக்கு வந்ததில்லை. அங்கே எனக்கு உறவென்று யாரும் மிச்சமில்லை. ஒரு பெட்டி, நான்கைந்து பிஸ்கட் டின்கள், மணப்பெண்ணுக்கு எங்கள் ஊர் மெழுகுச் சாயம் போட்ட ஒரு பத்தேக் சேலை. கிளம்பிவிட்டேன்.

அவர்கள் வீடு ஊருக்கு வெளியே முந்திரித் தோப்பை ஒட்டி இருந்தது. காரை விட்டு இறங்கியதும் முதலில் வந்து மோதியது வெயில். அடுத்தது ஒரு வாசனை. உதிர்ந்த முந்திரிப் பழங்கள் மண்ணில் கிடந்து லேசாகப் புளித்த வாசனை. தேன்மொழியின் அப்பா கருப்பையா வாசலிலேயே நின்றிருந்தார். உயரமான, ஒல்லியான மனிதர். குரல் மட்டும் நான்கு பேருக்கானது.

"வாங்க ஆத்தா, வாங்க. பிளேன்ல சோறு போட்டாகளா, இல்ல பட்டினியா வாரீகளா?"

என்ன பேசுவதென்று தெரியாமல், எங்கள் ஊரில் மலாய்க்காரர்கள் முந்திரிக் கொழுந்தைப் பச்சையாகவே, மிளகாய் அரைத்த சம்பல் தொட்டு, சோற்றோடு தின்பார்கள் என்று சொன்னேன். அவர் நம்பவில்லை.

"எலையவா? ஆடுகூடத் திங்காதேங்க!"

சொல்லிவிட்டு நேராகத் தோப்புக்குள் போய் ஒரு கொழுந்தைக் கிள்ளி வாயில் போட்டு மென்றார். முகம் சுருங்கியது. துப்பவில்லை. விழுங்கிவிட்டு, "மொளகா சம்பல் இருந்தா எறங்கும்" என்று தீர்ப்புச் சொன்னார். அந்த நிமிடத்திலேயே எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

தேன்மொழியின் அம்மா செல்லம்மாள் அதிகம் பேசாதவர். பேச்சுக்குப் பதிலாகச் சோறு போடுவார். காலையில் இட்லியும் கோழிக் குழம்பும், பதினொரு மணிக்கு நீர்மோர், மத்தியானம் சோறு, சாயங்காலம் கருப்பட்டிப் பணியாரம். போதும் என்று இலை மேல் கையை விரித்தால் விரலுக்கு இடையில் ஊற்றுவார். பினாங்கில் சாப்பிடக் கூப்பிட்டால் பசியா என்று கேட்பார்கள். இங்கே யாரும் அதைக் கேட்கவில்லை. பசி என்பது வந்தவருடைய சொந்த விஷயம், சாப்பாடு வீட்டாருடைய விஷயம் என்பதுபோல் இருந்தது.

பக்கத்து வீடுகளிலிருந்து பெண்கள் என்னைப் பார்க்கவே வந்தார்கள். "மலேசியாவுல நம்ம ஆளுக நெறைய இருக்காகளாமே? தமிழு பேசுறாகளா?" என்று ஒருவர் என்னிடம் தமிழில் கேட்டார். நான் தமிழில் பதில் சொன்னேன். "அட, நல்லாத்தான் பேசுறாக" என்று பக்கத்திலிருந்தவரிடம் சொல்லிவிட்டுத் திருப்தியாகப் போனார்.

அடுத்த நாள் பந்தல்காரர்களோடும் சமையல்காரரோடும் கழிந்தது. அதற்கு மறுநாள், அரிமளத்தில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் பத்திரிகை வைக்கப் போகிறேன், நீங்களும் ஊரைப் பார்க்க வாங்க என்று கருப்பையா என்னை அழைத்தார். தேன்மொழிக்கு ஜாக்கெட் தைக்கக் கொடுத்த இடத்தில் வேலை இருந்தது. செல்லம்மாளும் அவளோடு போனார். பக்கத்து வீட்டுப் பழனி தன் காரை ஓட்டினார். கல்யாண வேலைக்கென்றே திருப்பூரிலிருந்து விடுப்பில் வந்திருந்தவர் அவர்.

வழி நெடுகத் தைலமரக் காடுகள். கருப்பையா பேச்சை நிறுத்தவே இல்லை. எந்தக் கண்மாயில் எந்த வருஷம் தண்ணீர் நின்றது, எந்த ஊர்க்காரன் பெண் எடுத்தான், எவன் கொடுத்தான் எல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். அரிமளம் கடைத்தெருவில் வண்டி நின்றது. தைலமரக் கட்டை ஏற்றிய ஒரு லாரி சந்துக்குள் திரும்பப் பார்த்து, கடைக்கூரைக்கும் மின்கம்பத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருந்தது. டூவீலர்கள் இண்டு இடுக்கில் நுழைந்து போய்க்கொண்டிருந்தன. பின்னால் வந்த பெரிய வண்டிகளெல்லாம் நின்றுவிட்டன.

பொழுது போகாமல் கருப்பையா திரும்பினார். "எம்மக அங்க என்னதான் படிக்கிது? கேட்டா வெள்ளை அணுங்குது, ஓட்டங்குது. எனக்கு ஒரு மண்ணும் வெளங்கல. நீங்க சொல்லுங்க."

எதிரிலேயே பாடம் இருந்தது. "இந்தச் சந்து ஒரு ரத்தக் குழாய்னு வச்சுக்குங்க. சிவப்பு அணு அந்த டூவீலர் மாதிரி. வளைஞ்சு நெளிஞ்சு போயிடும். வெள்ளை அணு இந்த லாரி. உருவம் பெருசு, கொஞ்சம் விறைப்பு. மூளையில இருக்கிற ரொம்பச் சின்னக் குழாய்கள் அதைவிடக் குறுகல். உடம்பை நீட்டிச் சுருக்கித்தான் நுழையணும். ரத்தம் பின்னால இருந்து நல்லாத் தள்ளுற வரைக்கும் நுழைஞ்சிடும். பக்கவாதம் வந்து ஓட்டம் குறைஞ்சா, அது இன்னும் விறைச்சுப் போயி, சுவர்ல ஒட்டிக்கிட்டு நின்னுடும். பெரிய குழாய்ல அடைப்பை எடுத்த பிறகும் சின்னக் குழாய்ல அது வழியை மறிச்சுக்கிட்டு நிக்கலாம்."

"வெள்ளை அணு நல்லதுன்னுல சொல்லுவாக? நோயோட சண்டை போடும்னு?"

"நல்லதுதான். லாரியும் நல்லதுதானே?"

கருப்பையா கார் அதிரச் சிரித்தார். "பழனி, கேட்டியாடா? இதைப் படிக்க எம்மக கடல் தாண்டிப் போயிருக்கு!" பெருமையும் கேலியும் கலந்த சிரிப்பு. கொஞ்ச நேரத்தில் யாரோ கடைக்கூரையின் தகரத்தைத் தூக்கிப் பிடிக்க, லாரி உரசிக்கொண்டே வெளியேறியது.

அவருடைய தங்கை அழகம்மாள் எங்களைக் கண்டதும் பாய் விரித்தார், மின்விசிறியைப் போட்டார். கருப்பையா வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "கல்யாணத்துக்கு மொத நாளே வந்துரணும், சொல்லிப்புட்டேன்" என்று சத்தம் போட்டார். பிறகு பழம், வெற்றிலை, பத்திரிகை வைத்த தாம்பாளத்தை இரண்டு கையாலும் எடுத்து நீட்டினார்.

தாம்பாளம் வலப்பக்கம் சாய்ந்தது. வாழைப்பழமும் கற்கண்டும் தரையில் சரிந்தன. அவர் குனிந்து எடுக்கவில்லை. தன் வலது கையைப் பார்த்தார், அது யாருடையது என்பதுபோல. "தண்..." என்றார். அடுத்து வந்தது சொல் இல்லை. வாயின் வலது ஓரம் தொங்கியிருந்தது.

"அண்ணே! என்னண்ணே?" என்று அழகம்மாள் ஓடிவந்து பிடித்தார். "வெயில்ல வந்தது கிறுகிறுத்துருச்சு. படுக்க வைங்க, சித்த நேரத்துல சரியாயிரும். எலுமிச்சம்பழம் புழிஞ்சு கொண்டாரேன்."

"வாயில எதுவும் கொடுக்காதீங்க" என்றேன். அவர் முன்னால் உட்கார்ந்து, "ஐயா, ரெண்டு கையையும் தூக்குங்க" என்றேன். இடது கை எழுந்தது. வலது கை மடியிலேயே கிடந்தது. "சிரிங்க" என்றேன். பாதி முகம்தான் சிரித்தது.

"இது மயக்கமில்லீங்க, பக்கவாதம். இப்பவே ஸ்கேன் இருக்கிற ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

வீட்டில் எல்லோரும் திகைத்துப் போனார்கள். கூடியிருந்தவர்களில் ஒரு பெரியவர், "கல்யாண வீட்டுல அபசகுனமாப் பேசாதீங்கம்மா. பக்கத்து ஊருல எண்ணெய் வைத்தியம் பாக்குறவரு இருக்காரு, கைராசிக்காரரு" என்றார். அந்த வீட்டில் நான் யார்? அன்றைக்குத்தான் உள்ளே கால் வைத்த அயலூர்ப் பெண். எப்படிச் சொல்லிப் புரியவைப்பது என்று தவித்தபோது பழனிதான் கேட்டார்: "அக்கா, நீங்க சொல்றது நிச்சயந்தானா?"

"நிச்சயம்."

அவ்வளவுதான். பழனி கருப்பையாவின் தோளுக்கடியில் கை கொடுத்துத் தூக்கினார். "ஆம்புலன்ஸ் வந்து சேர்றதுக்குள்ள நாம புதுக்கோட்டை போயிருவோம். வாங்க அத்தை, ஏறுங்க." அழகம்மாள் செருப்புக்கூடப் போடாமல் ஏறிக்கொண்டார்.

ஒரு வளைவுக்கு அப்பால் சாலையில் ஜல்லி கொட்டி வைத்திருந்தார்கள். ஒரு வண்டி மட்டுமே போகிற அகலம். எதிரில் ஒரு டவுன் பஸ் பாதி வழி வந்துவிட்டிருந்தது. பழனி ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. பஸ் கண்டக்டர் கோபமாக இறங்கி வந்து ஜன்னலுக்குள் பார்த்தார். என் மடியில் சாய்ந்திருந்த கருப்பையாவின் முகத்தைப் பார்த்ததும் திரும்பி ஓடினார்.

"அண்ணே, பின்னாடி எடுங்கண்ணே! ஆளுக்கு முடியல! எடுங்க, எடுங்க, ரைட்ல ஒடிங்க!"

ஆள் நிறைந்த பஸ் விசில் சத்தத்தோடு பின்னாலேயே போய் எங்களுக்கு வழி விட்டது. ஜன்னல் ஓரத்திலிருந்த ஒரு பெண் எங்களைப் பார்த்துக் கைகூப்பினாள். பினாங்கில் நான் தினமும் போய்வரும் சாலைகளெல்லாம் அகலம். ஆனால் அங்கே எனக்காக ஒரு பஸ் பின்னால் போனதாக நினைவில்லை.

ஆஸ்பத்திரியில் எங்களைப் பார்த்தவர் ஓர் இளம் பெண் டாக்டர். முதல் கேள்வியே, "கடைசியா எப்ப நல்லா இருந்தார்?" என்பதுதான். நல்ல வேளையாக அதற்கு என்னிடம் பதில் இருந்தது. லாரியைப் பார்த்துச் சிரித்தார், வாசலில் தங்கையிடம் சத்தமாகப் பேசினார், உடனே கை விழுந்தது. டாக்டர் தலையசைத்தார். ஸ்கேன் எடுத்தார்கள். ரத்தக்கசிவு இல்லை, அடைப்புதான், ரத்தக் கட்டியைக் கரைக்கிற ஊசி போட நேரம் இருக்கிறது என்றார். அதிலுள்ள ஆபத்தையும் ஒளிக்காமல் சொன்னார். தேன்மொழி போனில் கேட்டுவிட்டு, "போடச் சொல்லுங்க அக்கா" என்றாள். அழகம்மாள் கையெழுத்துப் போட்டார்.

தேன்மொழியும் செல்லம்மாளும் வந்து சேர்ந்தபோது மருந்து ஏறிக்கொண்டிருந்தது. சாயங்காலம் கருப்பையா கண்ணைத் திறந்து மனைவியைப் பார்த்தார். முகக்கோணல் கொஞ்சம் குறைந்ததுபோல் இருந்தது. வெளியே காத்திருந்த சொந்தக்காரர்களிடம் அழகம்மாள், "கட்டி கரையுதாம், இனி பயமில்லையாம்" என்று சொல்ல, எல்லோரும் சாமியைக் கும்பிட்டார்கள். யாரோ எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்கள்.

கும்பிடாமல் நின்றவர்கள் நாங்கள் இருவர்தான். தேன்மொழி என்னை நடைபாதைக் கோடிக்கு இழுத்துப் போனாள்.

"அக்கா, கை அசையவே இல்ல. பேச்சும் வரல."

"நேரம் ஆகும்டா."

"பெரிய குழாய் தெறந்திருக்கும். சின்னது? உள்ள நம்ம ஆளுக நிப்பாங்களே அக்கா. வெறைச்சுப் போயி, ஒட்டிக்கிட்டு..." அவள் தன் இரண்டு கைகளையும் கோத்து இறுக்கிக்கொண்டாள். "நாம எத்தனை தடவை பாத்திருக்கோம்."

பார்த்திருக்கிறோம்தான். முடியைவிட மெல்லிய வாய்க்கால்களைக் கண்ணாடிபோன்ற தகட்டில் செதுக்கி, ரத்தத்தைச் செலுத்தி, நுண்ணோக்கியில் பார்ப்பதுதான் எங்கள் பிழைப்பு. சண்டைக்குத் தூண்டப்படாத வெள்ளை அணு வாய்க்காலின் வாசலில் தயங்கும், நீளும், வழுக்கிப் போய்விடும். தூண்டப்பட்டது அப்படியே உருண்டையாக நிற்கும். அப்போதெல்லாம் தேன்மொழி திரையைப் பார்த்து, "போடா, போடா" என்று விரட்டுவாள். நாங்கள் சிரிப்போம். அன்றைக்கு அந்த வாய்க்கால்கள் அவள் அப்பாவின் தலைக்குள் இருந்தன. மற்றவர்களுக்குக் கட்டி கரைந்ததோடு கதை முடிந்துவிட்டது. எங்களுக்கு அதற்குப் பிறகுதான் பயமே. தெரிந்துவைத்திருப்பது அன்றைக்குக் கொஞ்சமும் உதவவில்லை.

ரத்தப் பரிசோதனையில் வெள்ளை அணுக்கள் கூடுதலாக இருந்தன. டாக்டரிடம் போய் அதைக் கேட்டேன். எங்கள் வேலை என்ன என்பதையும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"ஒடம்பு அதிர்ச்சியில அப்படி ஏறுறதும் உண்டு. நீங்க சொல்ற மாதிரி உள்ள அடைச்சு நிக்கலாம், நிக்காமலும் இருக்கலாம். அதை வெளிய இருந்து பாக்க எங்கிட்ட வழி இல்ல. எளக்கி விடுற மருந்தும் இல்ல. ஒங்ககிட்ட இருக்கா?"

"இன்னும் இல்லீங்க."

"அப்ப ரெண்டு பேரும் காத்திருப்போம். பிரஷரையும் சர்க்கரையையும் நான் பாத்துக்கிறேன். நீங்க அந்தப் பொண்ணைச் சாப்பிட வைங்க."

வாசலுக்கு எதிரில் ஒரு சின்னக் கடையில் தேன்மொழிக்கு முட்டை தோசை வாங்கிக் கொடுத்தேன். பாதியைப் பிய்த்துப் பிய்த்து வைத்தாள். கடைக்காரம்மா கேட்காமலேயே இன்னும் கொஞ்சம் சட்னி ஊற்றிவிட்டு, "உள்ள யாருக்குத்தா?" என்றார். "அப்பாவுக்கு" என்று சொல்லும்போதுதான் தேன்மொழி முதல்முறையாக அழுதாள்.

மறுநாள் காலை எங்களை உள்ளே விட்டார்கள். இரண்டாவது ஸ்கேனிலும் ரத்தக்கசிவு இல்லை என்றார் டாக்டர். கருப்பையாவின் வலது உள்ளங்கையில் தன் இரு விரல்களை வைத்து, "அழுத்துங்க ஐயா" என்றார். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி சொன்னார். கட்டைவிரல் மெல்ல மடிந்தது. பிறகு ஆள்காட்டி விரல். செல்லம்மாள் புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டார். தேன்மொழி அப்பாவின் கையைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள். நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

அன்று சாயங்காலம் அவர் என்னையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். உதடு துடித்தது. என்னவோ சொல்ல வருகிறார் என்று எல்லோரும் குனிந்தோம்.

"ம... மலேசியா..." என்றார். மூச்சு வாங்கினார். "சா... சாப்புட்டாகளா?"

செல்லம்மாள் அழுதுகொண்டே சிரித்தார். அத்தனை நாளில் அவர் குரலை உயர்த்தி நான் கேட்டது அப்போதுதான். "அவுக சாப்புட்டாக! நீங்க மொதல்ல பொழைச்சு வாங்க!"

உள்ளே என்ன நடந்தது என்று எங்களுக்குத் தெரியாது. நின்ற அணுக்கள் இளகி நகர்ந்தனவோ, பக்கத்துக் குழாய்கள் சுற்று வழியில் ரத்தம் கொடுத்தனவோ, ஊசி சீக்கிரமே போடப்பட்டதால் அணுக்கள் விறைக்கவே இல்லையோ. ஆய்வகத்தில் என்றால் ஒரு காரணத்தைக் கண்டுபிடிக்காமல் விடமாட்டோம். அந்த வாரம் எங்கள் இருவருக்கும் காரணம் வேண்டியிருக்கவில்லை. ஒவ்வொரு நாளும் ஒரு விரல், ஒரு சொல் கூடியது. அதுவே போதுமாக இருந்தது.

மாப்பிள்ளை வீட்டார் மீமிசலிலிருந்து பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா மீன் வியாபாரி, கறாரான மனிதர் என்று கேள்விப்பட்டிருந்ததால் எல்லோருக்கும் உள்ளூரக் கலக்கம். அவர் கட்டிலுக்கு அருகில் உட்கார்ந்து, "சம்பந்தி, தேதிய மாத்தணும்னா மாத்திக்கிருவோம். ஆனா நீங்க வந்து உக்காராம எம்மகன் தாலி கட்ட மாட்டான். அம்புட்டுத்தான்" என்றார்.

கருப்பையா இடது கையை வீசினார். "மா... மாத்தாதீக."

மாற்றவில்லை. கூட்டத்தில் அதிக நேரம் இருக்கக் கூடாது, மாத்திரையைத் தவறவே விடக் கூடாது என்று டாக்டர் கண்டித்து அனுப்பினார். கல்யாணத்தன்று கருப்பையா சக்கர நாற்காலியில் வந்து மணவறைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். தேன்மொழி நான் கொடுத்த பத்தேக் சேலையை வரவேற்பில் கட்டியிருந்தாள். தாலி ஏறும் நேரம் மேளம் உச்சத்தில் இருக்க, அவர் வலது கையால் அட்சதை எடுத்தார். பாதி விரலிடுக்கில் சிந்தியது. மீதியை எறிந்தார். அது மணமக்கள் மேல் விழாமல் ஐயர் தலையில் விழுந்தது. ஐயர் உட்பட எல்லோரும் சிரித்தோம். கைத்தடியோடு நடந்துதான் அவர் மண்டபத்தை விட்டு வெளியே வந்தார்.

மீமிசலில் மறுவீட்டு விருந்து. ஊர் போகும் டிக்கெட்டை மாற்றிப் போட்டிருந்ததால் எனக்கும் அது வாய்த்தது. நண்டு, கணவாய், பாறை மீன் குழம்பு. பினாங்கில் மீன் தலைக் கறிக்குப் பேர்போன கடைகள் உண்டு. அவற்றை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. ஆனால் காலையில் கரையில் இறங்கிய மீனை மத்தியானம் சாப்பிட்டதில்லை என்பதை ஒப்புக்கொண்டேன். கடல் அலையே இல்லாமல் குளம்போல் கிடந்தது. தேன்மொழியும் அவள் கணவன் சரவணனும் தண்ணீரில் கால் நனைத்துக்கொண்டு நின்றார்கள். அவள் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். அப்படிச் சிரித்து நான் கடைசியாகப் பார்த்தது அரிமளத்துக்குப் போவதற்கு முந்தின நாள்.

நான் கிளம்ப வேண்டிய காலை. பெட்டியைக் காரில் ஏற்றிவிட்டு விடைபெறப் பார்த்தால் கருப்பையாவைக் காணோம். கட்டில் காலி. கைத்தடி சுவரில் சாய்ந்தபடியே இருந்தது. செல்லம்மாள் கிணற்றடிக்கு ஓடினார். தேன்மொழி தோப்புக்குள் கூப்பிட்டுக்கொண்டே போனாள். பக்கத்து வீட்டுப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். "இங்கிட்டு இல்ல, அங்கிட்டுப் பாருங்க" என்று நாலாபுறமும் சத்தம்.

பழனியும் நானும் சாலைப் பக்கம் நடந்தோம். டீக்கடை வாசலில் கூட்டம். கிட்டே போனால் நடுவில் பெஞ்சில் கருப்பையா, எதிரில் ஒரு முந்திரி வியாபாரி. விஷயம் இந்த வருஷக் கொட்டையின் தரம்.

"நீ போன வருசமும் இதையேதான்யா சொன்ன" என்று கருப்பையா கத்திக்கொண்டிருந்தார். "எந்தோப்பு மு... முத்..." நாக்கு மாட்டிக்கொண்டது. வியாபாரி அந்தச் சொல்லை எடுத்துக் கொடுக்க வாயைத் திறந்தார். கருப்பையா வலது கையை உயர்த்தி அவரை நிறுத்தினார். டீ மாஸ்டர்கூட ஆற்றுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

"முந்திரிக்கு," என்றார் தெளிவாக, "என்னய்யா கொறச்சல்?"

பிறகுதான் என்னைப் பார்த்தார். திருட்டு முழி முழித்தார். "வீட்டுல சொல்லாதீக ஆத்தா" என்று நகர்ந்து எனக்கு இடம் கொடுத்தார். தூரத்தில் தேன்மொழி இன்னும் "அப்பா, அப்பா" என்று கூப்பிடுவது கேட்டது. அவளுக்குப் போன் போட்டு ஆள் கிடைத்துவிட்டார் என்று சொன்னேன். என்ன செய்துகொண்டிருக்கிறார் என்று கேட்டாள்.

"சண்டை போட்டுக்கிட்டு இருக்கார்டா" என்றேன்.

"போடட்டும் அக்கா," என்றாள். "நல்லாப் போடட்டும்."